நடு நாற்காலி காலியாக இருப்பது ஏன்?

வழக்குமன்றத்தில் வாதாடித் தேய்ந்த குரலில் கொஞ்சத்தை எங்களுக்காக மிச்சம் வைத்து வந்து தலைமையேற்றிருக்கும் வழக்கறிஞர் கிருபாகரன் ஐயா அவர்களே! என்னை மேடையேற்றிவிட்டு, எங்கே மறந்துவிடுவேனோ என்று முன்வரிசையில் உதட்டை அசைத்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியை பாக்கியமேரி அம்மையார் அவர்களே! சமயநல்லூர்ச் சாலையின் புழுதியைக் காலில் சுமந்து வந்தமர்ந்திருக்கும் பெரியோர்களே! எழுமலையிலிருந்து வண்டி கட்டி வந்து, மேடையைப் பாராமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒச்சாயி அம்மாள் உள்ளிட்ட தாய்மார்களே! வென்று வந்திருக்கும் நம் கல்லூரிக் கால்பந்து அணியின் அண்ணன்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஆனிமேரியின் வணக்கம்.

"பாப்பா, சத்தமாப் பேசு, காதுல விழுகல" என்கிறார் கடைசி வரிசை ஐயா. பேசுகிறேன் ஐயா. இன்று சத்தமாகத்தான் பேச வேண்டும்.

மாலை கட்டியிருக்கிறோம், போடக் கழுத்தைக் காணோம். விளக்கு ஏற்றியிருக்கிறோம், அதன் ஒளி விழ முகத்தைக் காணோம். பாராட்டுக்குரிய முத்திருளன் அண்ணன் எங்கே? இந்த நடு நாற்காலி காலியாக இருப்பது ஏன்?

அவர் காவல் நிலையத்தில் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள். முணுமுணுக்கவும் வேண்டாம். அவர் திருடினாரா? இல்லை. அடித்தாரா? இல்லை. பிறந்தார், அவ்வளவுதான். அவர் பிறந்த சாதியின் ஆண்மக்கள் நாள்தோறும் பொழுது சாய்வதற்குள் காவல் நிலையம் போய்ப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும் என்று வெள்ளைக்கார அரசு ஒரு சட்டம் வைத்திருக்கிறது. தவறினால் சிறை. அனுமதிச் சீட்டில்லாமல் வெளியூர் போனாலும் சிறை. கல்லூரியில் படிக்கிறவருக்கு விலக்குக் கேட்டு மனு மேல் மனு போட்டும் பதில் வரவில்லை. போன சனிக்கிழமை அவர் தாமதமாகப் போனார் என்று மேலதிகாரிக்கு எழுதியிருக்கிறார்கள். சிறையில் அடைக்கும் உத்தரவு என்றைக்கு வருகிறதோ, அன்று உள்ளே போனவர் வெளியே வரமாட்டார். அது இன்றைக்கும் வரலாம். அதனால்தான் அவரைப் பெற்ற ஒச்சாயி அம்மாள் வாசலைப் பார்க்கிறார்.

ஏன் தாமதமாகப் போனார்? அதைச் சொல்லத்தான் எழுந்திருக்கிறேன்.

அணியின் தலைவர் ஆரோக்கியநாதன் என் உடன்பிறந்த அண்ணன். அவர் ஆடும் இடம் சென்டர் ஹாஃப். மைதானத்தின் நடுவில் நின்று முன்னுக்கும் பின்னுக்கும் கட்டளையிட்டு ஆட்டத்தையே நடத்தும் இடம். அந்த இடத்துக்கு மாற்று ஆள் முத்திருளன் அண்ணன். மூன்று ஆண்டுகளாக மாற்று ஆள்! பந்துக்குக் காற்றடித்தவர் அவர். எலுமிச்சை நறுக்கிக் கொடுத்தவர் அவர். கோட்டுக்கு வெளியே குத்தவைத்துக் குரல் கொடுத்தவர் அவர். கோட்டுக்கு உள்ளே மட்டும் அவர் இல்லை. பயிற்சியிலும் வெயில் சாய்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார். "மாப்ள மாமியா வீட்டுக்குக் கிளம்பிட்டாருடோய்!" என்று கேலி பறக்கும். அவரும் சிரித்தபடி, "ஆமா மாப்ள, ஒனக்கும் எல போடச் சொல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வீட்டில் ஒரு நாள் என் அண்ணனிடம் கேட்டேன், அவரை ஏன் சேர்ப்பதில்லை என்று. "எனக்கு மேல ஆடுவான் ஆனி. ஆனா நடு ஆட்டத்துல கிளம்பிட்டா? எறங்குன பெறகு ஆள மாத்த விதி கெடையாது. பத்துப் பேர வெச்சு நான் என்னத்த ஆட?" என்றார். நியாயமான பதில்தான். ஆனால், அந்த நியாயத்தின் பாரத்தை மூன்று ஆண்டுகள் சுமந்தவர் யார்?

சனிக்கிழமை வந்தது. திருச்சிக் கல்லூரியோடு மண்டலக் கோப்பைக்கான ஆட்டம்; வென்றவர்க்குச் சென்னையில் இறுதிப்போட்டி. காலையில் கிணற்றுப்படியில் வழுக்கி என் அண்ணனின் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மைதானத்துக்குத் தோளில் சாய்த்துத்தான் கொண்டுவந்தார்கள்.

"முத்திருளா, கடைசி வரைக்கும் இருப்பியாடா?"

"நேரத்துக்கு ஆரம்பிச்சா இருப்பேண்ணே. பொழுது விழுந்துட்டா என் கையில இல்ல."

நேரத்துக்கு ஆரம்பித்ததா? திருச்சி ரயில் தாமதம்! நாங்கள் பெண்பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்றோம். எல்லாரும் பந்தைப் பார்த்தார்கள். நான் கோல் கம்பத்தின் நிழலைப் பார்த்தேன். ஆட்டம் தொடங்கியபோதே அது ஆள் நீளம் கிடந்தது.

முதல் பாதியில் திருச்சி ஒரு கோல் போட்டது. நம்மவர்கள் தலைகுனிந்தார்கள். இடது ஓரத்தில் ஓடும் சோணைமுத்து அண்ணன், "மாத்தாளு வந்து என்னத்தக் கிழிக்க?" என்று என் காதுபடவே சொன்னார். இதோ, முதல் வரிசையில் அமர்ந்து முகத்தைத் துண்டால் மூடுகிறார்! மூடாதீர்கள் அண்ணே, அடுத்தது உங்கள் பெருமைதான் வருகிறது.

இடைவேளையில் முத்திருளன் அண்ணன் அவரிடமே போனார். "அண்ணே, நீங்க பந்து வருதான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறீக. மூணு வருசமா வெளிய குந்தி அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். பாக்காம ஓடுங்க. பந்து ஒங்க காலுக்கு வரும். வரலைன்னா என்னிய வையிங்க."

ஓடினார். பந்து வந்தது. வலை குலுங்கியது! சமநிலை. ஆட்ட நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் என்றார் நடுவர். நிழலோ மைதானத்தின் பாதியைத் தாண்டிவிட்டது.

அப்போது கோட்டோரம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சிவப்புத் தலைப்பாகைக் காவலர். "ஏலே முத்திருளா! பொழுது எங்க நிக்கிதுன்னு பாத்தியா? வாலே!"

போனால் பத்துப் பேர்; ஆட்டம் போயிற்று. இருந்தால் சிறை, படிப்புப் போயிற்று. எதை விடுவார்? எதைத் தொடுவார்? என் அண்ணன் நொண்டிக்கொண்டே எழுந்து, "போயிரு முத்திருளா. கோப்பை கெடக்கு, நீ போ!" என்றார். முத்திருளன் அண்ணன் தன்னைச் சுற்றி நின்ற பத்து முகங்களையும் பார்த்தார். "இந்தா வாரேன் ஏட்டையா" என்றார், நடுவட்டத்துக்கு நடந்தார்.

என்ன ஆட்டம் அது! பின்னால் நின்றவரை முன்னால் அழைத்தார். வலத்தே கை காட்டினார். திருச்சியார் வலத்தே ஓடினார்கள். பந்தோ இடத்தே பறந்தது. சோணைமுத்து அண்ணன் திரும்பிப் பார்த்தாரா? பார்க்கவில்லை! "அடிடா!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. யார் தெரியுமா? சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கோட்டுக்குள் நின்ற அந்தக் காவலர்தான்!

இரண்டாவது கோல். நடுவர் கடைசியாக ஊதியபோது நிழலே இல்லை, சூரியன் விழுந்திருந்தது.

மாலைக்கு நிற்காமல், கோப்பையைத் தொடாமல் அவர் ஓடினார். பின்னாலேயே பத்துப் பேரும் ஓடினார்கள். வெறுங்காலோடு, வியர்வையோடு, காளவாசல் திருப்பத்தில் வண்டிமாடுகள் மிரள ஓடினார்கள். என் அண்ணன் ஒரு குதிரை வண்டியில் போய்ச் சேர்ந்தார். "நேரம் கடந்துருச்சு" என்றார் நிலைய அதிகாரி. "அப்ப எங்களையும் வெச்சுக்கங்க" என்று சொல்லி, என் அண்ணன் மைப்பெட்டியில் தம் பெருவிரலை அழுத்தினார். அடுத்து சோணைமுத்து அண்ணன். அடுத்தடுத்து அத்தனை பேரும்! ரேகை பார்த்து யார் எந்தச் சாதி என்று அந்த அதிகாரியால் சொல்ல முடிந்ததா? முடியவில்லை. அன்றிரவு முத்திருளன் அண்ணனை விட்டுவிட்டார்கள். ஆனால், மேலிடத்துக்கு எழுதியதை எழுதியதுதான்.

அணி மறுநாளே கூடியது. தலைவர் பொறுப்பை என் அண்ணன் தாமாகவே இறக்கி வைத்தார். சென்னைக்குத் தலைமையேற்றுச் செல்பவர் முத்திருளன். அவருக்கு அனுமதிச் சீட்டு இல்லையென்றால் அணியும் ரயிலேறாது. இது அவர்கள் ஒருமனதாக எடுத்த முடிவு.

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே! அவர்மேல் எழுதியதை நீக்குங்கள், அவரைச் சென்னைக்கு விடுங்கள் என்று அரசினரைக் கேட்கும் மனு இதோ மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். ஆனாலும் கையெழுத்திடப் போவதில்லை. இதோ, என் பெருவிரல்! எழுதத் தெரிந்தவர்களே, நீங்களும் பெருவிரலோடு வாருங்கள். குற்றத்தின் அடையாளம் என்கிறார்களே இந்த மையை, அதை ஊரே பூசிக்கொள்ளட்டும்!

என்ன சத்தம்? ஒச்சாயி அம்மாள் ஏன் எழுந்துவிட்டார்?

அதோ! சைக்கிள்! அதே காவலர் மிதித்து வருகிறார், பின்னால்... பின்னால் முத்திருளன் அண்ணன்! "மெதுவாய்யா, என் மகன எங்கிட்டும் தள்ளிப்புடாத!" என்கிறார் தாயார். "இன்னைக்கு உத்தரவு வரலம்மா" என்று மை பூசிய பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிறார் மகன்.

நாளை வரலாம். நாளை மாலை இந்தக் கூட்டம் முழுவதும் அவரோடு நடந்து போகும். போகுமா? கைதட்டாதீர்கள், வாயால் சொல்லுங்கள். "போகும்!" என்கிறீர்கள். நன்றி.

கேட்ட செவிகளுக்கும், பேச விட்ட தலைவருக்கும், நேற்றிரவு கண்ணாடி முன் என்னைப் பத்து முறை பேசவைத்த ஆசிரியைக்கும் நன்றி கூறி விலகி நிற்கிறேன். அண்ணே, மேலே வாருங்கள். ஓரமாக உட்காராதீர்கள். நடு நாற்காலி உங்களுடையது.

வணக்கம்.