கேப்டன் கடிகாரம் கிடைத்த விதம்

எங்கள் வியாபாரம் ஒருநாள் காவல் நிலையம் வரை பேசப்படும் என்று நான் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். அதை முதலில் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். பெயர், வயது, விலாசம்தான் முதலில் என்று இந்த ஸ்டேஷன் எழுத்தர் சொல்வதால் அதையும் சொல்கிறேன். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது, கில்லாடி மாமா என்று கேட்டால் வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்தெட்டு, பார்த்தால் தெரியாது. விலாசம், மார்க்கெட்டுக்குப் பின்தெரு, தையல் கடைக்கு மேல்மாடி. படிப்பு எட்டாம் வகுப்பு. அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை.

என் அக்கா மகள் பழைய பொருட்களை இணையத்தில் விற்று வருகிறாள். விற்பனைக் கணக்கு அவள் பெயரில் உள்ளது. படம் எடுப்பதும் பார்சல் கட்டுவதும் அவள் வேலை. சரக்கு கண்டுபிடிப்பது முழுக்க முழுக்க என் வேலை. எல்லோரும் நன்றாக ஓடுகிற கடையில் சரக்கு தேடுவார்கள், நான் மூடப்போகிற கடையாகப் பார்த்துப் போவேன். ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்குப் போடாமல் முதலாளி தனியாக உட்கார்ந்திருந்தால் அந்தக் கடை அதிக நாள் தாங்காது. அங்கே எதையும் விலை கேட்கக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வியாபாரம் ஏன் படுத்தது என்று கேட்க வேண்டும். பேசி முடிப்பதற்குள் அவரே சுவரில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். இந்த வித்தை இந்த ஊரில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு சென்ற மாதம் வட்டமான பித்தளைச் சுவர்க் கடிகாரம் ஒன்று கிடைத்தது. அது ஒரு கப்பலில் கேப்டன் அறையில் இருந்தது. கேப்டன் அதை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விளம்பரம் எழுதும்போது அக்கா மகள், "மாமா, பித்தளைக் கடிகாரம், நல்லா ஓடுதுன்னு போட்டா போதாதா? உங்க வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருங்களேன்" என்றாள். "அட போம்மா, வெறும் கடிகாரம்னா மணி பார்த்துட்டுப் போயிடுவான். கேப்டன் கடிகாரம்னாதான் பாக்கெட்ல கை வைப்பான்" என்று சொல்லி, நான் சொல்லச் சொல்ல டைப் செய்ய வைத்தேன்.

அதன் பிறகு ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினியர் ஒருவர் விளம்பரத்தைப் பார்த்து போன் செய்தார். முகப்பில் ஆறு என்ற எண்ணுக்குக் கீழே கீறல் இருக்கிறதா என்றார். ஆமாம், புயலில் கீழே விழுந்தது என்றேன். பின்பக்க எழுத்து அழிந்திருக்குமா என்றார். உப்புக்காற்று அரித்துவிட்டது என்றேன். வாங்க வருகிறவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பது என் தொழில்முறை. "இப்பவே வரேன்" என்றார். ஆள் விழுந்துவிட்டார் என்று நினைத்தேன். வந்தார், கூடவே இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். அவர் வீட்டில் திருட்டுப் போன கடிகாரமாம். அக்கா மகள் கையில் பார்சல் டேப் ஒட்டியபடியே ஜீப்பில் ஏறினாள்.

அதன் பிறகு இங்கே இன்ஸ்பெக்டர் எந்தக் கப்பல் என்று கேட்க, ஒரு பெயர் சொன்னேன். எந்தத் துறைமுகம் என்று கேட்க, அதையும் சொன்னேன். அவர், "ரொம்ப சந்தோஷம் பெரியவரே. கப்பல், கீறல், அழிஞ்ச எழுத்துன்னு நீங்க சொன்னது அத்தனையும் புகாரோட பொருந்துது. கணக்கு பொண்ணு பேர்ல இருக்கு, கேஸும் அவ மேலதான்" என்றார். பெஞ்சில் இருந்த அக்கா மகள் என்னைப் பார்க்காமல், "இங்கயாவது உள்ளதைச் சொல்லுங்க மாமா" என்றாள்.

ஆகவே சொல்கிறேன். கடிகாரம், மூடப்போகிற ஒரு சலூனில் கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்தது. கொடுத்தவர் சலூன்காரர், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது உண்மை. பல வருடமாக அந்தச் சலூனிலேயே ஓடியது, பின்மூடியைக் கழற்றினால் சக்கரங்களுக்கு நடுவில் வெட்டிய முடி இருக்கும் என்றேன். கழற்றினார்கள், இருந்தது. எஞ்சினியர் குனிந்து பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஆயுள் முழுக்கக் கப்பலில் இருந்தவரே என் கப்பலை நம்பினார் என்பதையும் சேர்த்து எழுதக் கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ளதை எழுத்தர் வாசிக்க, நானும் கேட்டேன். கப்பல், கேப்டன், புயல், உப்புக்காற்று ஆகியவை நான் சேர்த்தவை. அவற்றை எடுத்துவிட்டால் மீதி அத்தனையும் உண்மை.

ஒப்பம்,
கில்லாடி மாமா