மணியக்காவின் பட்டாணி

பயந்துடாதீங்க சிஸ்டர், பேயெல்லாம் இல்ல. டிங், டிங்னு வருதே, அது வெளிய பெஞ்சுலருந்து. இருட்டிப் போய் வராந்தா காலியா கிடக்கா, அதான் கிணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி கேக்குது. எங்க மணியக்காதான். மோதிரத்தால தண்ணி பாட்டில்ல தட்டுவாங்க. கீமோ ஏத்தறப்பவும் இதேதான், அதுலதான் இந்தப் பேரே வந்துச்சு. இப்ப என் பொண்ணைத் தூங்க வெக்கிறாங்க.

இன்னொரு பஞ்சு குடுங்க, கழுத்துல ஸ்கேன் ஜெல்லி ஒட்டுது.

இல்ல, சொந்தமெல்லாம் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல மருந்து ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேருக்கும் இடது மார்புதான். ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டியைச் சுருக்கணும்னு மருந்து, அது மசியுதா இல்லையான்னு பாக்க நடுநடுவுல இந்த ஸ்கேன். உங்களுக்குத் தெரியாததா! நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க.

போன ஸ்கேன்ல அக்காவுக்குக் கோலிக்குண்டா இருந்த கட்டி பட்டாணி ஆயிடுச்சு. பட்டாணிடி, பச்சைப் பட்டாணின்னு என்னைக் கட்டிப்பிடிச்சாங்க. எனக்கு? அசையவே இல்ல. அடுத்த தடவை பாப்போம்னு டாக்டரம்மா திரையைப் பாத்துக்கிட்டே சொன்னாங்க, என் முகத்தைப் பாக்கல. நான் வெளிய வந்து அக்காகிட்ட சிரிச்சேன். வயிறு திகுதிகுன்னு எரியுது. அவங்க பொண்ணு வேலைக்கே போயாச்சு, என் பொண்ணுக்கு இன்னும் பல்லு முழுசா முளைக்கல. யாருக்கு முதல்ல கரையணும், நீங்களே சொல்லுங்க!

கான்வென்ட்ல மதர் சொல்லிக் குடுத்தாங்கதான், அடுத்தவங்க நல்லா இருந்தா சந்தோஷப்படணும்னு. மதருக்குக் கட்டி வரலியே.

அதோட விட்டேனா? அவங்க சாப்பிடறதைச் சாப்பிட்டேன். அவங்க தூங்கற பக்கமாத் திரும்பிப் படுத்தேன். கீமோ ரூம்ல ஜன்னலோரம் ஒரு நாற்காலி, எப்பவும் அவங்கதான் உக்காருவாங்க. அதுலதான் ராசின்னு எனக்குத் தோணிடுச்சு. விடியறதுக்குள்ள வந்து அதுல உக்காந்துக்கிட்டேன். ஒவ்வொரு தடவையும். அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? வெயில் உனக்குத்தான் வேணும், நீதான் வெளுத்துக் கிடக்கன்னு சொல்லிட்டு, கதவோரம் போய் உக்காந்தாங்க.

என் பொண்ணு கூட அவங்ககிட்டதான் தூங்குது. என்கிட்ட வந்தா பால் கேட்டு அழும். மருந்துக்காக ஒரே நாள்ல நிறுத்தினதுதானே, அதுக்கென்ன புரியும். அதைப் பாத்தாலும் எரியும் எனக்கு.

இன்னிக்கு அவங்களுக்குத்தான் முதல்ல பாத்தீங்க. வெளிய வந்து, மறுபடி கோலிக்குண்டு ஆயிடுச்சாம்டின்னாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குள்ள என்னமோ அப்பாடான்னு உக்காந்துச்சு சிஸ்டர். கண்ணை மூடித் திறக்கற நேரம்தான். ஆனா உக்காந்துச்சு. குழந்தையை அவங்க தோள்ல போட்டுட்டு உள்ள வந்தேன்.

கட்டிக்குள்ள ஒரு அடையாளம் வெச்சீங்களே, அரிசி நுனி அளவுக்கு, கட்டி கரைஞ்சாலும் இடம் தெரியணும்னு? டாக்டரம்மா இப்ப கருவியை இப்படி வெச்சாங்க, அப்படி வெச்சாங்க, பழைய படத்தை எடுத்துப் பாத்தாங்க. அப்புறம், அடையாளம் மட்டும்தான்மா இருக்கு, சுத்தி ஒண்ணும் தெரியலன்னாங்க. உங்க காதுலயும் விழுந்துதுல்ல? ஆபரேஷன் பண்ணிப் பாத்தாத்தான் நிச்சயம்னும் சொன்னாங்க, இருக்கட்டும்.

அந்த ராசியை நான்தான் அவங்ககிட்டருந்து பிடுங்கிட்டேனோ? அப்படியெல்லாம் இல்லன்னு நீங்க சொல்லுவீங்க. இல்லதான். ஆனா திருப்பிக் குடுன்னு அவங்க கேட்டா குடுப்பேனா? மாட்டேன்.

சத்தம் நின்னுடுச்சு பாருங்க. எழுந்து வர்றாங்க. உனக்கு நல்லாயிடுச்சான்னு கேட்டு, கட்டிப்பிடிச்சு, அன்னிக்கு நான் சிரிச்ச மாதிரியே சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புக்குள்ள என்ன இருக்கும்னு எனக்குத் தெரியுமே.

நீங்க இந்தப் பக்கக் கதவால போங்க. உள்ள துணி மாத்தறாங்கன்னு அக்காகிட்ட சொல்லுங்க. இந்தச் சந்தோஷத்தை மூஞ்சிலருந்து துடைச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் தாழ்ப்பாள் போட்டுக்கறேன்.

இருக்கேன்க்கா, உள்ளதான் இருக்கேன். தோ, ஒரு நிமிஷம்.