ஸ்பா ஓரத்துக் கறுப்புக் கல்

உப்புக் காற்றில் துண்டுகள் சீக்கிரம் காய்ந்துவிடும், மேடம். ஆனால் மடித்து வைத்தால் மறுநாளே பிசுபிசுக்கும். எங்கள் விருந்தினர் அறைத் துண்டுகளை நான் இரண்டு தடவை அலசுவது அதனால்தான். இன்று யாரும் அலசியிருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. போகட்டும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

என் பெயர் முருகேஸ்வரி. சொந்த ஊர் சிக்கல். அம்மா இறந்தபோது தம்பி யோகேஸ்வரனுக்குத் தானாகச் சட்டை போட்டுக்கொள்ளத் தெரியாது. அவனை வளர்த்தது நான். எனக்கு வந்த வரன்களை வேண்டாம் என்றேன். அவன் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் தங்கும் விடுதி ஒன்றை அவன் கட்டியபோது சமையல், துணி, சாவிக்கொத்து எல்லாம் என் கையில்தான் இருந்தன. பாம்பன் பெண் ஜோஸ்லினை அவன் விரும்பியபோது நான் தடுக்கவில்லை. மாலை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

நீச்சல் குளம் ஃபைபரில் வார்த்து லாரியில் வந்தது. பெரிய குளமும் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஊறுவதற்கான வட்டமான சின்ன ஸ்பாத் தொட்டியும் ஒரே துண்டு. கிரேனில் அது தொங்கும்போது ஜோஸ்லின் கை தட்டிச் சிரித்தாள்.

"எங்கப்பா வள்ளத்தவிடப் பெருசு மதினி. ஒரு மோட்டார மாட்டுனா தலைமன்னாரே போயிரலாம்."

"போறவ சொல்லிட்டுப் போ," என்றான் தம்பி. "சோத்துக்கு அக்கா இருக்கு. எனக்கென்ன கவல?"

அன்றைக்கு நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

குளத்தைச் சுற்றிக் கான்கிரீட் பட்டை போட்டு ஆறவிட்டிருந்த சமயத்தில்தான் அவள் கருவுற்றிருப்பது தெரிந்தது. ஒரு சாயங்காலம் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ள பெறந்ததும் எங்கம்மா வந்து எங்ககூட இருக்கட்டும்னு அவுக சொல்றாக மதினி. நீங்க எம்புட்டு நாளைக்குத்தான் எங்களுக்கே ஒழைப்பீக? சிக்கல் வீட்டுல நிம்மதியா இருங்க."

அன்பாகத்தான் சொன்னாள். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. ஆனால் தம்பி அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். அதை நான் அவனிடம் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மறுநாள் விளிம்புக் கல் பார்க்க மண்டபம் ஊரிலிருக்கும் கடைக்குப் போனோம். குளத்துக்குச் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல். ஸ்பாவுக்கு மட்டும் நான் பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லைக் காட்டினேன். கல் பதிக்க வந்த ஆன்டனி ராஜ் தலையைச் சொறிந்தார்.

"இது வழுக்கும்க்கா. தண்ணி ஓரத்துக்கு ஆகாது."

"மொகம் தெரியிற மாதிரி இருக்கட்டும்யா. புள்ளத்தாச்சி பாத்துக்கிடட்டும்."

"மொகம் பாக்கக் கண்ணாடி வாங்கிக் குடுங்க. எனக்கும் தூக்குற வேல மிச்சம்."

எல்லோரும் சிரித்தோம். அந்தக் கல்தான் வந்தது. ஃபைபர் உதட்டுக்கு மேல் கல் கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கும்படி பசை தடவி ஒவ்வொன்றாக வைத்தார். தண்ணீர் வெளியே வடிய வாட்டம் வேண்டும் என்று ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தார். ஸ்பாவில் ஏறி இறங்கும் இடத்தில் மட்டும் சமமாக வைக்கச் சொன்னேன். தண்ணீர் மெல்லிசாக நின்றால் வானம் தெரியும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். முடித்ததும் அதில் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மெஷின வச்சு வழுக்காம லேசாக் கொத்திச் சொரசொரப்பாக்கி விட்டுர்றேன்க்கா, அரை நாள் வேல," என்றார்.

புள்ளத்தாச்சி இருக்கும் வீட்டில் கல் கொத்தக் கூடாது. உளிச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். "பிரசவம் முடியட்டும்யா, அப்புறம் வந்து கொத்து," என்றேன். தம்பி உடனே சரி என்றான். மாதா கோவிலுக்குப் போகிற ஆன்டனி ராஜும் அதை மதித்துக் கருவிகளைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பாவம், அனுப்பிவிடுங்கள். அவர் செய்தது எல்லாம் நான் சொல்லித்தான்.

மாதம் ஏற ஏற ஜோஸ்லினுக்குக் கால் வீங்கியது. காலையில் ஸ்பாவில் சூடு போடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அவளுக்குச் சுகமாக இருக்கும். அதற்கு முன்னால் ஓரத்தில் நாற்காலி போட்டு அவள் பாதங்களை மடியில் வைத்து நல்லெண்ணெய் தேய்த்துவிடுவேன். விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்று நிதானமாகத் தேய்ப்பேன்.

"எங்கம்மாகூட இப்புடித் தேச்சுவிட்டதில்ல மதினி," என்பாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். தினமும் நான் தோள் கொடுத்தேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் யாரோ குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார்கள். தம்பி நடைதான். கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள், இடுப்பு வலிக்கும்.

நேற்று காலை அவள் ஏறி வரும்போது தோளுக்காகக் கையை நீட்டினாள். நான் ஓர் அடி பின்னால் நின்றுகொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. கால் வழுக்கியது. கல் விளிம்பில் பின்மண்டை பட்டு மறுபடியும் தண்ணீருக்குள் சரிந்தாள். "மதினி" என்று ஒரு தடவை சொன்னாள். நான் குனிந்தேன். பிறகு நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஒரு கையால் தூக்கியிருக்கலாம். குமிழி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றில் பிள்ளை இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டேன்.

எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். அடக்கம் முடிந்து வந்து தம்பி அந்தக் கல்லருகே குந்தி உட்கார்ந்தான். விரலால் தொட்டு நல்லெண்ணெய் வாசத்தை மோந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ஆன்டனி ராஜுக்குப் போன் போட்டு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்த ஸ்டேஷனுக்கு என்னை அழைத்துவந்தது அவன்தான். வண்டிக் கதவை அவனே திறந்துவிட்டான். என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று உங்களிடம் சொன்னானாமே. சின்ன வயதிலும் அப்படித்தான், கோபம் வந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். பசித்ததும் எழுந்து வருவான். எனக்குத் தூக்குத் தண்டனை என்றாலும் சரி, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், மேடம். அவன் தனியாக இருக்கப் பழகாதவன். இனி அவனுக்கு என்னைவிட்டால் யாருமில்லை.