இடது பக்கத்து வால்வு

காலை ஆறரை மணி. யாங்கோன்லேர்ந்து தன்லியின்ங்கிற ஊருக்குப் போற பாலத்தைத் தாண்டினதும் ஒரு ரோடு போகுதில்ல… ரெண்டு பக்கமும் அறுவடை முடிஞ்ச வயலு. ஜனவரிப் பனி. பத்தடிக்கு மேல ஒண்ணும் தெரியாது. ஈ காக்கா கிடையாது.

என்ன சைதா, சிரிக்கிறே? பேய்க்கு நடுராத்திரிதான் வேணும்னு யார் சொன்னா? இது பொழுது விடிஞ்சப்புறம் நடந்தது. நம்ம டேனியோட சித்தப்பா ஞானசுந்தரத்துக்கு. டேனி இங்கதான் உக்காந்திருக்கான். நான் பொய் சொன்னா அவனே சொல்லட்டும். அந்த மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வை… காத்துல அணையுது. கரண்ட் இப்போதைக்கு வராது.

தொண்ணூத்தி ஆறு. அப்பல்லாம் யாங்கோன்ல மோட்டார் சைக்கிளுக்குத் தடை கிடையாது. ஞானம் அங்கேயே அலோன் பேட்டையில, ஆத்தோர அரிசிக் கிட்டங்கியில கிளார்க்கு. யாரோ வெளிநாட்டு எஞ்சினியர் ஊரைவிட்டுப் போகும்போது தள்ளிவிட்ட வண்டி ஒண்ணை வாங்கி வச்சிருந்தான். தூரப் பயணத்துக்குன்னே செஞ்ச வண்டி. பின்னாடி பெட்டி, சோபா மாதிரி அகலமா சீட்டு. எஞ்சின்ல ரெண்டு சிலிண்டரு, ஓட்டுறவன் காலுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு துருத்திக்கிட்டு நிக்கும்.

ஞானத்துக்கு ஒரே ஆசை. கல்யாணம் முடிஞ்சதும் ரெபேக்காவை அந்த வண்டியில வச்சு மாண்டலே வரைக்கும் போயிட்டு வரணும்.

ரெபேக்கா வீடு தன்லியின் தாண்டி, வயக்காட்டுப் பக்கம். அங்கேயே சின்னதா ஒரு மாதா கோயில். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தா சொல்லுங்கன்னு கல்யாண ஓலை மூணு ஞாயித்துக்கிழமை பூசையில வாசிப்பாங்க இல்லியா? மூணு தடவையும் மாப்பிள்ளை முன் வரிசையில இருக்கணும்னு ரெபேக்காவோட அப்பா கறாரா சொல்லிட்டாரு. அவருக்கு அது மானப் பிரச்சினை.

முதல் ஞாயிறு. பாலம் வரைக்கும் வண்டி பூ மாதிரி போயிருக்கு. பாலத்து நடுவுல… திடீர்னு பாரம். பின்னாடி ஸ்பிரிங் ஒரு தடவை அமுங்கி எழுந்த மாதிரி. ஆக்சிலேட்டரைத் திருகுறான், திருகுறான், வண்டி இழுக்க மாட்டேங்குது. பாலம் இறங்கினதும் இடது பக்கம் ஒரு சத்தம்.

த்ஸ்ஸ்…

சூடான தோசைக்கல்லுல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தா வருமே, அது. கொஞ்சம் விட்டு மறுபடி… த்ஸ்ஸ். கூடவே ஒரு வாடை. ஈரத்துணியை இஸ்திரி போடும்போது கொஞ்சம் கருகினா வருமே, அந்த வாடை.

அப்புறம் சைலன்சர்ல பட்… பட்… பட்… இடது சிலிண்டர் செத்துப்போச்சு.

இறங்கி உதைக்கிறான். கிக்கர் தொளதொளன்னு இறங்குது. காத்தே பிடிக்கலை. ஒத்த சிலிண்டர்ல நொண்டி நொண்டிப் போய்ச் சேரும்போது கோயில் காலி. மாமனார் மட்டும் வாசல்ல நிக்கிறாரு. இவன் கையெல்லாம் கிரீஸ், சட்டையெல்லாம் கரி.

"வாங்க மாப்பிள்ளை. ஓலை வாசிச்சாச்சு. உங்களைத்தான் காணோம்" அப்படின்னாரு. அவ்வளவுதான்.

ஞானத்துக்கு எரிச்சல்னா எரிச்சல். மறுநாளே வண்டியை மெக்கானிக் அமீர் அலி கிட்ட கொண்டு போனான். பாய் ஹெட்டைக் கழட்டிப் பாத்தா, புகை வெளியே போற வால்வு எரிஞ்சுபோயிருக்கு. ஓரத்துல எலி கடிச்ச மாதிரி ஒரு துண்டே காணோம். பாய் அவனை பர்மாக்கார வழக்கத்துல 'கோ'ன்னு, அண்ணன்னுதான் கூப்பிடுவாரு.

"கள்ள பெட்ரோல், கோ ஞானம். பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய். வால்வு என்ன பண்ணும்?"

அந்த வண்டிக்கு இங்க எங்க வால்வு கிடைக்கும்? ஏதோ வேன் வால்வைக் கொண்டு போய்க் கடைசல் பட்டறையில அளவுக்குக் குறைச்சு, பசை போட்டு அரைச்சு, உக்கார வச்சுக் குடுத்தாரு பாய். வாரம் பூரா ஊருக்குள்ள ஓட்டிப் பாத்தான். ஒரு குறை இல்லை.

ரெண்டாவது ஞாயிறு. நல்ல பெட்ரோல், துணியில வடிகட்டி ஊத்தியிருக்கான். பாலத்து நடு… பாரம். இறங்கினதும்… த்ஸ்ஸ். அதே கருகல் வாடை. பட்… பட்… பட்.

அதே இடது பக்கம். அதே வால்வு.

அன்னிக்கு ஞானம் வண்டியை ரோட்டோரம் போட்டு, காலால ஓங்கி எத்தினானாம். சைலன்சர்ல பட்டு அவன் பாதம்தான் வெந்துபோச்சு. நொண்டி வண்டியில நொண்டிக்கிட்டே போய் நின்னா, மாமனார் இந்தத் தடவை சுத்தி வளைக்கலை.

"வர்ற ஞாயிறும் நீங்க கோயில்ல இல்லேன்னா, சாமியார்கிட்ட நானே சொல்லி ஓலையை நிறுத்திடுவேன். என் பொண்ணை ஊர் சிரிக்க விட மாட்டேன்."

ரெபேக்கா ஜன்னல்கிட்ட நின்னு அழுதுகிட்டிருக்கா. "பஸ்ஸுல வாங்களேன்"னு கெஞ்சினா. இவன் கேக்கல. பஸ்ஸுல வந்தா வண்டி ஜெயிச்ச மாதிரி ஆயிடுமாம். என்ன மனுஷன்… டேனி, உங்க குடும்பமே இப்படித்தானா?

இந்தத் தடவை அமீர் அலி பாய்க்கும் கோவம் வந்துடுச்சு. ஹெட்டைக் கையில வச்சுக்கிட்டு ஆடுறாரு.

"என்கிட்ட பொய் சொல்லாதே, கோ ஞானம். யாரைப் பின்னாடி ஏத்திக்கிட்டுப் போறே?"

"யாரையும் ஏத்தலை பாய். நான் ஒத்தையாத்தான் போறேன்."

"அப்போ இது என்ன?"

பின்னாடி உக்கார்றவங்க கால் வைக்கிற மிதி… இடது பக்கத்து மிதி கீழே விரிஞ்சிருக்கு. வலது பக்கம் மடக்கினபடியே இருக்கு. ஞானம் ரெண்டையும் மடக்கித்தான் எப்பவும் வைப்பான்.

"பொம்பளை யாரோ, ரெண்டு காலையும் இடது பக்கம் தொங்கப் போட்டு உக்காந்து வந்திருக்கா. அதுவும் சொட்டச் சொட்ட நனைஞ்ச துணியோட. குழாயைப் பாரு."

இடது சிலிண்டர்லேர்ந்து போற புகைக்குழாய் மேல, வெள்ளை வெள்ளையாக் கோடு. தண்ணி விழுந்து, கொதிச்சு, காஞ்ச தடம்.

"கொதிக்கிற ஹெட்டு மேல பச்சைத் தண்ணி சொட்டினா வால்வு உக்கார்ற இடம் கோணிக்கும். கோணினா சந்துல நெருப்புப் பூந்து வால்வைத் தின்னும். என் வேலையில குத்தம் இல்லை. உனக்குக் கல்யாணம் ஆகப்போகுது… எவளையோ ஏத்திக்கிட்டுச் சுத்துறே. எனக்கென்ன?"

ஞானம் மாதா மேல சத்தியம் பண்றான். பாய் நம்பவே இல்லை. முணுமுணுத்துக்கிட்டே இன்னொரு வால்வை அரைச்சுப் போட்டுக் குடுத்தாரு. அதுதான் கடைசி, இனிமே என் பட்டறைப் பக்கம் வராதேன்னுட்டாரு.

மூணாவது ஞாயிறு.

ஞானம் கம்பி எடுத்து, இடது மிதியை மடக்கின மேனிக்கு நாலு சுத்து சுத்திக் கட்டினான். புதுச் சட்டை, பேன்ட்டு. கிளம்பிட்டான். அன்னிக்குப் பனி ரொம்ப. பாலத்துக் கைப்பிடி கூட கண்ணுக்குத் தெரியலை. கீழே ஆத்துல எங்கேயோ ஒரு படகு மோட்டார் மட்டும் டொக்டொக்குன்னு…

பாலத்து நடு.

டக்.

கம்பி அறுந்த சத்தம். மிதி கீழே விழுந்து விரிஞ்ச சத்தம். அப்புறம் ஸ்பிரிங் அமுங்கிச்சு… மெதுவா. பழக்கப்பட்ட ஆள் உக்கார்ற மாதிரி.

முதுகுல சில்லுன்னு ஒரு ஈரம். புதுச் சட்டை ஒட்டிக்கிச்சு.

அவன் திரும்பிப் பாக்கலை. கண்ணாடியிலயும் பாக்கலை. பயம்தான்… ஆனா பயத்தை விட ஆத்திரம் ஜாஸ்தியாம். ரெண்டு வாரமா வண்டியோட மல்லுக்கட்டி, பாய் கிட்ட பேச்சு வாங்கி, மாமனார் முன்னாடி தலை குனிஞ்சு… பாலம் இறங்கியாச்சு. த்ஸ்ஸ்ஸ்… ஆரம்பிச்சிடுச்சு.

கத்திட்டான்.

"காலைத் தூக்கி வச்சுத் தொலையேன்! வால்வு போகுது! உனக்கு எங்கதான் போகணும்? எங்க வேணும்னாலும் கொண்டு போய் விடறேன்… இந்த ஒரு நாள் என்னை விடு! கூடவே வா, கோயிலுக்கு வா, வீட்டுக்கு வா, எங்கே வேணுமோ இறங்கிக்கோ! சொட்டாம மட்டும் உக்காரு!"

பனிக்குள்ள அவன் குரல் அப்படியே அமுங்கிப்போச்சு.

த்ஸ்ஸ் நின்னுடுச்சு.

பாரம் இறங்கலை. ஆனா அந்தக் கருகல் வாடை போயிடுச்சு. ரெண்டு சிலிண்டரும் ஒழுங்கா, ஒரே தாளத்துல ஓடுது. ஞானம் சொன்னான்… காலை மடக்கிச் சீட்டு மேல வச்சுக்கிட்டு, யாரோ ரொம்ப அடக்கமா உக்காந்து வர்ற மாதிரி இருந்துச்சாம்.

கோயில் வாசல்ல வண்டியை நிறுத்தினான். க்ரீச்… ஸ்பிரிங் மேல எழுந்துச்சு.

இவன் பின்னாடி திரும்பியே பாக்காம உள்ளே ஓடி, முன் வரிசையில உக்காந்துட்டான். மாமனார் மொகத்துல அன்னிக்குத்தான் முதல் தடவையாச் சிரிப்பு. ஓலை வாசிச்சாங்க. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை தெரியுமான்னு சாமியார் கேட்டாரு. பின்னாடி கடைசி வரிசையில யாரோ தொண்டையைச் செருமினாங்க. நாலஞ்சு பேர் திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. அந்த வண்டியில ரெண்டு பேரும் மாண்டலே போய்ட்டு வந்தாங்க. அந்த வால்வு எரியவே இல்லை. அமீர் அலி பாயே கோவம் ஆறினப்புறம் கழட்டிப் பாத்துட்டு, நான் போட்ட வால்வுதானா இதுன்னு சந்தேகப்பட்டாரு.

ஞானத்துக்குத் தெரிஞ்ச கதை இவ்வளவுதான். மிச்சத்தை ரெபேக்கா ரொம்ப வருஷம் கழிச்சு டேனி கிட்ட சொல்லியிருக்கா. அவ அப்பா கல்யாணம் முடிஞ்ச கையோட அந்த வீட்டை ஏன் அவசர அவசரமா வித்தாருன்னு டேனி கேட்டப்போ.

அந்த மூணாவது ஞாயிறு, பூசை முடிஞ்சதும் அப்பாவும் மாப்பிள்ளையும் சாமியாரோட பேசிக்கிட்டு நின்னாங்க. சாப்பாடு பாக்கணுமேன்னு ரெபேக்கா மட்டும் முன்னாடி கிளம்பினா. சைக்காங்கிற சைக்கிள் ரிக்‌ஷாவைப் பிடிச்சா. சைக்கிள் பக்கத்துல ரெண்டு சீட்டு இருக்குமே, முன்னாடி பார்த்து ஒண்ணு, முதுகுக்கு முதுகா பின்னாடி பார்த்து ஒண்ணு. முன் சீட்டுல உக்காந்தா. சைக்காக்காரக் கிழவன், தெரிஞ்சவன்தான். மேடே இல்லாத ரோட்டுல எழுந்து நின்னு மிதிக்கிறான், மூச்சு வாங்குது. வயசாயிடுச்சுன்னு இவ நெனைச்சுக்கிட்டா.

வீட்டு வாசல்ல இறங்கிட்டா. கிழவன் போகலை. சைக்காவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்.

"ஏன் நிக்கிறீங்க?"

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்க இறங்கட்டும், மகளே" அப்படின்னான்.

இவ திரும்பிப் பாக்குறா. பின் சீட்டுல யாரும் இல்லை. சீட்டு பூரா ஈரம்.

கிழவனும் எட்டிப் பாத்தான். அவனுக்கு ஒண்ணும் ஆச்சரியமே இல்லை. "ஓ… அதுக்குள்ள வீட்டுக்குள்ள போயிட்டாங்களா"ன்னு சொல்லிட்டு, சைக்காவைத் திருப்பிக்கிட்டு அவன் பாட்டுக்குப் போயிட்டான்.

ரெபேக்கா நிக்கிறா. கதவுல பூட்டு தொங்குது. காலையில அவ பூட்டின பூட்டு, அப்படியே. சாவி அவ கையில. சரி, கிழவனுக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டு, பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளினா.

திறக்கலை.

மறுபடி தள்ளினா. உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், அவ கைக்கு நேரா… யாரோ தாழ்ப்பாளை மெதுவா, இன்னும் கொஞ்சம் இறுக்கிப் போட்டாங்க.