சோபாவுக்குச் சாம்பிராணி

அதியமான்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் உட்கார இடமில்லை. பின்னாலிருந்தவன் என் காலை மிதித்துக்கொண்டே வந்தான். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"நேத்து சோபாவுக்கு சாம்பிராணி போட்டேங்க்கா."

"ஏன்டி, அதுக்குத் தலைக்கு ஊத்தி வுட்டியா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மழையில ஒரே பூசண நாத்தம். நாளைக்கு நாத்தனாரைப் பொண்ணு பாக்க வராங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா பழி எம்மேலதான வரும்?"

"வெயில்ல போட்டியா?"

"போட்டேங்க்கா. வேப்பிலை, கரித்துண்டு எல்லாம் வெச்சும் பாத்தாச்சு. போவல."

"பிளாஸ்டிக் கவரைக் கழட்டிட்டுத்தான போட்ட?"

இளையவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடிப்பாவி! உங்கல்யாணத்துக்கு வாங்குன சோபா. உம்பையனே இஸ்கூலுக்குப் போறான், இன்னுமா கவரு?"

"கழட்டுனா அழுக்காயிடும்னு மாமியா வுடலைங்க."

"உள்ள ஈரம் புழுங்குனா நாறாம மணக்குமா? இன்னிக்கே கிழிச்செறிஞ்சுட்டு ஃபேனுக்கு அடியில தள்ளு."

இளையவள் தலையாட்டினாள்.

"சரி, கிழிச்சுடறேன். வர்றவங்களுக்கு பிளாஸ்டிக் சேர் போட்டுடறேன்."

"அப்ப சோபா?"

"சும்மா பாத்துட்டுப் போவட்டும். கவரு இல்லாம எப்படிங்க்கா உக்கார வுடறது?"