மாற்றிச் செருகிய குழாய்கள்

கதவு படாரென்று சாத்திக்கொண்டால் எங்கள் வீட்டில் என்னைத்தான் திட்டுவார்கள். காற்று அப்பாவின் இலாகா என்று மகள் ஆரம்பித்து வைத்த கேலி. மருந்துத் தொழிற்சாலையில் எந்த அறையில் காற்றழுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை, ஐயா. இருபத்தொரு வருடம் பார்த்தேன்.

மகளுக்கும் அங்கேதான் வேலை. புற்றுநோய் மருந்தின் தூளை எடை போடுவாள். அந்த அறையில் அழுத்தம் வெளியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அப்போதுதான் காற்று உள்ளே போகும், தூள் வெளியே வராது. உள்ளே இருப்பவர்களுக்கு முகமூடி உண்டு. அறைக்கு வெளியே உள்ள நடையில் யாருக்கும் கிடையாது.

கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து அவள் உண்டானாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கப்பா. தெரிஞ்சா வேற இடத்துக்குத் தள்ளிடுவாங்க. வேலை நிரந்தரம் ஆகட்டும்."

"அந்தத் தூள் வயித்துப் பிள்ளைக்கு ஆகாதும்மா."

"காத்தை நீங்கதானே பாத்துக்கிறீங்க. அப்புறம் என்ன பயம்?"

பார்த்துக்கொண்டேன். ஒரு விடுமுறை நாளில் அந்த அறைக்குள் வரும் காற்றைக் கூட்டி, உறிஞ்சும் காற்றைக் குறைத்தேன். தூள் அவளிடம் தங்காமல் நடைக்குப் போனது. அழுத்தமானி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதன் பின்னாலிருந்த இரண்டு குழாய்களை இடம் மாற்றிச் செருகினேன். கூடிய அழுத்தத்தை அது குறைந்ததாகக் காட்டியது; முள் பழைய இடத்திலேயே நின்றது. மேலதிகாரி தினமும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

நடையைத் துடைக்கும் பெண்ணும் அப்போது பிள்ளைத்தாச்சி. என்னை அண்ணே என்பாள். நான் குழாய்களை மாற்றிய ஆறாவது வாரம் அவளுக்குக் கலைந்துவிட்டது. எனக்கு உடனே புரிந்தது. காற்றைப் பழையபடி வைத்துக் குழாய்களைத் திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் போதும். மாட்டவில்லை. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

அவள் திரும்ப வேலைக்கு வந்தாள். என் மகள் இடைவேளைதோறும் முகமூடியைக் கழற்றிவிட்டு நடையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பாவம்ப்பா, வாயே திறக்க மாட்டேங்குறா. கையப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா உக்காந்திருப்பேன்."

சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். போகாதே என்றால் ஏன் என்று கேட்பாள். "ரொம்ப நேரம் உக்காராதம்மா, இடுப்பு வலிக்கும்" என்று மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் என் மகளுக்கும் போயிற்று. பெண் குழந்தை. துணியில் சுற்றி என் கையில்தான் கொடுத்தார்கள். கனமே இல்லை, ஐயா. என் நெஞ்சு அன்றைக்கே வெடித்திருக்கலாம்.

"நீங்க என்ன பண்ணுவீங்கப்பா, காத்து சரியாத்தானே இருந்துச்சு" என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அதைத் தாங்க முடியாமல்தான் நானாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். குழாய்களை மாற்றியவன் நான். இரண்டு பிள்ளைகளும் என்னால்தான் போயின. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தப் பெண்ணுக்காக என் மகள் மனம் இரங்காமல் இருந்திருந்தால், என் பேத்தி பிழைத்திருப்பாள்.