பேரீச்சை ஜாடியும் முழுச் சேதியும்

மேடையில் வீற்றிருக்கும் கேச் மாவட்ட எழுத்தாளர் மன்றத்துப் பெரியோர்களே, வாஜா பிஜ்ஜார் ஷஹ்தாதின் உறவினர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கடற்கரையிலிருந்தும் மலையிலிருந்தும் வண்டி பிடித்து வந்திருக்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் பள்ளி ஆசிரியன் தில்முராதின் சலாம்.

வாஜா மறைந்து இன்று மூன்றாம் நாள். நான் இன்னும் அழவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடையைப் போல மனம் மரத்துக் கிடக்கிறது. அவர் குழியில் மண் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்தவன், கை கழுவி, ரேடியோவில் வானிலை கேட்டேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அதுவும் தெரியாது.

'ஐயா' என்ற மரியாதையோடு நாமெல்லாம் வாஜா என்றழைத்த இந்தப் பிஜ்ஜார் யார்? பலோச்சி மொழியைச் செருப்போடு பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்ன காலத்தில், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போன மனிதர். "எங்கள் ஊரை உங்கள் வரைபடத்தில் எழுதினீர்கள், அதை எப்படி உச்சரிப்பது என்று எங்களைக் கேட்டீர்களா?" என்று பாடிய கவிஞர். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் என்ன? மூன்றாண்டுச் சிறை.

கைதாவதற்கு முந்தைய நாள், தம் கவிதைகள் அடங்கிய ஏழு நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். வேறு பிரதி கிடையாது. வீடு வீடாகச் சோதனை நடந்துகொண்டிருந்தது. வருகிறவன் அரிசி மூட்டையைக் குத்திப் பார்ப்பான், கூரையைப் பிரித்துப் பார்ப்பான். பாகு ஊற்றி மூடிய பேரீச்சை ஜாடிக்குள் எவன் கை விடுவான்? நோட்டுகளைப் பாலித்தீனில் சுற்றி ஜாடியின் நடுவில் வைத்தேன். சுற்றிலும் பழத்தை அமுக்கி, பாகை ஊற்றி, வாயை மண்ணால் பூசினேன். வந்தவர்கள் ஜாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் மாதம் ஜாடியைத் திறந்தேன். பாலித்தீனில் ஊசி முனை அளவு ஓட்டை. அது போதாதா பாகுக்கு? ஏழு நோட்டும் ஒரே கட்டியாக இருந்தன. மையெல்லாம் பழத்தில் ஏறியிருந்தது. ஒரு வரி, ஒரே ஒரு வரி மிச்சமில்லை. அந்தக் கட்டியைப் பேரீச்ச மரத்தடியில் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது இந்தச் சபையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

வாஜா விடுதலையாகி வந்தார். பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்தவனை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சேதி கேட்பது நம் முறை. கேட்டவரிடம் எதையும் ஒளிக்காமல், பெரியதை முதலில் வைத்துச் சொல்வது நம் கடமை. அந்தக் கடமையை நான் நிறைவேற்றிய அழகைக் கேளுங்கள்.

"உட்காருங்க மாஸ்டரே. சேதி சொல்லுங்க."

"மழை பெஞ்சுது வாஜா. ஆத்துல தண்ணி வந்துது. டீக்கடை காதிர்தாதுக்குப் பேரன் பொறந்திருக்கான். என் ஆடு ரெட்டைக்குட்டி போட்டுது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

"ரெட்டைக்குட்டியா? ரெண்டும் உங்க ஜாடையா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்தேன். அன்று முதல் இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் "வேற?" என்பார். நான் "வேற ஒண்ணுமில்ல" என்பேன்.

அந்த நாட்களில்தான் அவர் ஆளுக்கொரு கவிதையை மனப்பாடம் செய்யவைக்கத் தொடங்கினார். காதிர்தாதுக்கு ஒன்று. மருத்துவச்சி ஸர்பீபிக்கு ஒன்று. கரேஸ் என்ற நிலத்தடிக் கால்வாயில் தூர் வாருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையெல்லாம் தேடித் தேடிக் கொடுத்தார். எனக்கு மட்டும் இல்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் கிடையாதா வாஜா?"

"உங்ககிட்ட எடம் காலியில்ல மாஸ்டரே. உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

என் தொந்தியைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

இன்று காலை அவர் மகள் மாகஞ்ச் என்னைத் திரையருகே கூப்பிட்டாள்.

"மாமா, நோட்டு போனது அப்பாவுக்கு மொத நாளே தெரியும்."

"எப்படிம்மா?"

"ஆட்டுக்குட்டி வரைக்கும் சேதி சொன்ன மனுசன் நோட்டைப் பத்திச் சொல்லலன்னா, நோட்டு இல்லன்னுதானே அர்த்தம்னாரு."

"அப்ப என்னை ஏன் கேக்கல?"

"நானும் கேட்டேன். 'நானாக் கேட்டா அது விசாரணை, அவராச் சொன்னாத்தான் சேதி. விசாரணையை மூணு வருசம் பாத்துட்டேன்'னாரு. உங்களுக்கும் ஒரு கவிதை வச்சிருக்காரு மாமா. எங்கிட்டதான் இருக்கு. முழுச் சேதி சொன்ன பொறவுதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

நண்பர்களே, இப்படி ஒரு மனிதரை நாம் எங்கே போய்த் தேடுவது? கோபித்துக்கொள்ள எல்லா உரிமையும் இருந்தவர், இருபத்திரண்டு வருடம் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். நான் வெட்கப்படுகிறேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.

இந்தச் சபையில் எத்தனை பேரிடம் அவர் கவிதை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். வாருங்கள், சொல்லுங்கள், எழுதுகிறேன். எழுதியதை நம்பி யாரும் மறந்துவிடாதீர்கள். காகிதம் என் கையில் பட்ட பாட்டை இப்போதுதான் கேட்டீர்கள். உங்களிடம் உள்ளதை வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் செய்ய வேண்டிய வேலை அதுதான். செய்வோம் என்று இந்தத் துக்கப் பாயில் நின்று வாக்குக் கொடுக்கிறேன்.

வாஜா பிஜ்ஜார் அவர்களே, சேதி கேட்டீர்கள். பெரியதை முதலில் சொல்கிறேன். உங்கள் ஏழு நோட்டும் என் கையால் போயின. பயத்தில் மறைத்தேன், வெட்கத்தில் பொய் சொன்னேன். வேறு ஒன்றுமில்லை. இந்த முறை உண்மையாகவே ஒன்றுமில்லை.

மாகஞ்ச், மகளே, சொல்லம்மா. இப்போது இடம் காலியாக இருக்கிறது.